"இங்" என்ற வாலும் இரண்டு பண்டிதர்களின் சண்டையும்

ஆங்கிலம் கற்கத் தொடங்குகிறவர்களைத் திணற அடிக்கும் வால் ஒன்று உண்டு. "இங்" என்பதுதான் அந்த வால்!

"கோ" என்றால் போ. அதன் பின்னால் "இங்" ஒட்டினால் "கோயிங்". "ஈட்" என்றால் சாப்பிடு. அதனுடன் "இங்" சேர்ந்தால் "ஈட்டிங்". இதுவரை தொல்லை இல்லை. "கோயிங்", "ஈட்டிங்" ஆகியவற்றுக்கு முன்னால் எந்தச் சொல்லைப் போடுவது? அங்கேதான் வம்பு பிறக்கிறது.

அந்த வம்பு இரண்டு வகை. ஒன்று, கற்பவர்கள் கட்டாயம் திருத்திக்கொள்ள வேண்டிய பிழை. மற்றது, பிழையே அல்ல. பண்டிதர்கள் போட்ட சண்டை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்து, இரண்டுக்கும் சிவப்பு மை பூசுவது நியாயம் ஆகாது.

ஒரு வால், இரண்டு வேலை

"ஹி ஈஸ் ஸ்விம்மிங்" என்றால், "அவன் நீந்திக்கொண்டிருக்கிறான்" என்று பொருள். இங்கே "ஸ்விம்மிங்" நடந்துகொண்டிருக்கும் வேலையைக் காட்டுகிறது.

"ஸ்விம்மிங் ஈஸ் குட்" என்றால், "நீந்துவது நல்லது" என்று பொருள். இங்கே அதே "ஸ்விம்மிங்" ஒரு வேலையின் பெயராக நிற்கிறது. தமிழில் "நீந்தி" வேறு, "நீந்துவது" வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம்.

ஆதியில் ஆங்கிலத்திலும் இரண்டு உருவங்கள் இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில், வேலையின் பெயருக்கு "உங்" அல்லது "இங்" என்ற வால் இருந்தது. வேலை நடப்பதைக் காட்டும் சொல்லுக்கு "எண்டெ" என்ற வேறு வால் இருந்தது. நாளடைவில் "எண்டெ" தேய்ந்து மறைந்தது. அதன் வேலையும் "இங்" தலையில் விழுந்தது. ஒரே வண்டியில் இரண்டு சுமை! குழப்பத்தின் வேர் இதுதான்.

திருத்த வேண்டிய பிழை

தமிழில் "வீட்டில்" என்கிறோம். "இல்" என்பது வீட்டுக்குப் பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் "இன் தி ஹவுஸ்". "இன்" முன்னால் வந்துவிடுகிறது. இப்படி முன்னால் வரும் சொற்கள் பல உண்டு. "இன்", "ஆஃப்", "ஃபார்", "பை", "வித்தவுட்" ஆகியவை அவற்றில் சில.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு வினை வந்தால், அதற்கு "இங்" வால் வேண்டும். "அவன் சாப்பிடாமல் போய்விட்டான்" என்பதற்கு, "ஹி லெஃப்ட் வித்தவுட் ஈட்டிங்" என்பதே சரி. "வித்தவுட் டு ஈட்" என்றால் தவறு. "ஷி ஈஸ் இன்ட்ரெஸ்டட் இன் லேர்னிங்" என்பது சரி. "இன் டு லேர்ன்" என்பது தவறு. இதில் பண்டிதர்களுக்குள் சண்டை இல்லை. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

இந்த வரிசையில் ஏமாற்றுக்காரச் சொல் ஒன்று உண்டு. அதுதான் "டு". "உங்களைப் பார்க்க விரும்புகிறேன்" என்பதற்கு "ஐ வான்ட் டு சீ யூ". இங்கே "இங்" கிடையாது. "உங்களைப் பார்க்க ஆவலோடு காத்திருக்கிறேன்" என்பதற்கோ "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு சீயிங் யூ". இங்கே "இங்" கட்டாயம் வேண்டும். இரண்டிலும் "டு" இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு எளிய வழி உண்டு. வினையை எடுத்துவிட்டு, "இட்" என்ற சொல்லை அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். "ஐ வான்ட் டு இட்" என்றால் பொருள் இல்லை. ஆகவே "இங்" வேண்டாம். "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு இட்" என்றால் பொருள் நன்றாக நிற்கிறது. ஆகவே "இங்" வேண்டும்.

இது வெறும் ஏட்டு விஷயம் அல்ல. வேலைக்கு மனுப் போடும் ஓர் இளைஞர், "இரவில் வேலை செய்து எனக்குப் பழக்கம் உண்டு" என்று எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு "ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் அட் நைட்" என்று எழுத வேண்டும். அவர் "ஐ யூஸ்டு டு வொர்க் அட் நைட்" என்று எழுதிவிட்டால்? "முன்பு இரவில் வேலை செய்து வந்தேன், இப்போது இல்லை" என்று அர்த்தம் ஆகிவிடும்! மனுவைப் படிக்கும் அதிகாரி, "இவர் இரவு வேலைக்குச் சரிப்பட மாட்டார்" என்று ஒதுக்கிவிடலாம். இத்தகைய பிழையைச் சுட்டிக்காட்டும் ஆசிரியர் மாணவனுக்கு உதவி செய்கிறார்.

"ஹிஸ்"ஸா? "ஹிம்"மா?

இனி பண்டிதர்களின் சண்டைக்கு வருவோம்.

"அவன் போவது தாய்க்குப் பிடிக்கவில்லை." இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "ஹிஸ் கோயிங்" என்று சொல்ல வேண்டுமா? "ஹிம் கோயிங்" என்று சொல்லலாமா? "ஹிஸ்" என்றால் அவனுடைய. "ஹிம்" என்றால் அவனை.

"ஹிஸ்தான் சரி!" என்று அடித்துச் சொன்னவர் ஹென்றி ஃபவுலர். இவர் இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1906இல் தம் தம்பி பிரான்சிஸுடன் சேர்ந்து "தி கிங்ஸ் இங்கிலீஷ்" என்ற நூலை வெளியிட்டார். "ஹிம் கோயிங்" போன்ற தொடருக்கு "ஃப்யூஸ்டு பார்ட்டிசிபிள்" என்று பெயர் சூட்டினார். "ஒட்டிப்போன எச்சம்" என்று அதைத் தமிழில் சொல்லலாம். 1926இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற சொல்வழக்கு அகராதியில் மறுபடியும் அதைத் தாக்கினார். ஆங்கில நடையை அது கெடுக்கிறது என்பது அவர் கட்சி.

அவர் வாதம் இதுதான். "கோயிங்" இங்கே ஒரு பெயர். பெயருக்கு முன்னால் "அவனுடைய" என்றுதான் வர வேண்டும். "ஹிஸ் புக்" என்கிறோம். "ஹிம் புக்" என்று யாராவது சொல்வார்களா?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒருவர் எதிர்த்து எழுந்தார். அவர் ஆங்கிலேயர் அல்ல, டென்மார்க் நாட்டவர்! ஒட்டோ யெஸ்பர்சன் என்பது அவர் பெயர். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் 1893 முதல் 1925 வரை ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர்.

ஃபவுலர் குற்றம் சொன்ன தொடரை, பெயர் பெற்ற ஆங்கில எழுத்தாளர்கள் நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார்கள் என்று யெஸ்பர்சன் எடுத்துக் காட்டினார். மொழி வளர்ந்த வழி அது என்றார். ஃபவுலர் 1927இல் பதில் எழுதினார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"உடைய" சேர்க்க முடியாத இடங்களும் ஆங்கிலத்தில் உண்டு. "ஒன்றும் நடக்காமல்" என்பதற்கு "வித்தவுட் எனிதிங் ஹாப்பனிங்" என்பார்கள். "எனிதிங்ஸ் ஹாப்பனிங்" என்றால் காதுக்கே ஒவ்வாது. "அவன் ஓடுவதைப் பார்த்தேன்" என்பதற்கு "ஐ சா ஹிம் ரன்னிங்" என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே "ஹிஸ்" பொருந்தாது.

தமிழ் வாசகருக்கு இது எளிதில் விளங்கும். "வருவது" என்பது பெயர்தான். "வருவதை", "வருவதால்" என்று அது உருபு ஏற்கிறது. ஆனாலும், "அவன் வருவது" என்கிறோம். "அவனுடைய வருவது" என்று யாரும் சொல்வதில்லை. பெயர் என்றாலே முன்னால் "உடைய" வந்தாக வேண்டும் என்பது உலகப் பொது விதி அல்ல.

கடைசியில் வென்றவர் யார்? ஃபவுலரின் அகராதியை ராபர்ட் பர்ச்ஃபீல்டு என்பவர் திருத்தி எழுதினார். அந்த மூன்றாம் பதிப்பு 1996இல் வெளிவந்தது. "உடைய" வழக்கு பின்வாங்கி வருகிறது என்று அந்நூலே ஒப்புக்கொண்டது. ஆனால், ஆட்களின் பெயரோடும், "ஹிஸ்", "ஹெர்" போன்ற சொற்களாகவும், நல்ல எழுத்தில் அது இன்னும் நீடிக்கிறது என்றும் சொன்னது. ஆக, இரண்டுமே உயிரோடு இருக்கின்றன.

எது தர்மம்?

தேர்வுத் தாளிலும் மனுவிலும் "ஹிஸ் கோயிங்" என்று எழுதுவது நல்லது. அதை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால், "ஹிம் கோயிங்" என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணை வெட்டுவது அநியாயம். அப்படிப் பேசுகிறவரைப் பார்த்துச் சிரிப்பது அதைவிட அநியாயம்.

"வித்தவுட் ஈட்டிங்" என்பது மொழியின் விதி. அதை மீறினால் கேட்பவருக்கு உறுத்தும். "ஹிஸ் கோயிங்" மட்டுமே சரி என்பது ஒரு பண்டிதரின் விருப்பம். அதை மீறினால் மொழிக்கு நஷ்டம் இல்லை.

அந்நிய மொழி கற்பவருக்குப் பயமே பெரிய பகை. எங்கே பயப்பட வேண்டும், எங்கே பயப்பட வேண்டாம் என்று பிரித்துச் சொல்கிறவரே நல்ல ஆசிரியர். எல்லாவற்றுக்கும் பிரம்பை ஓங்கினால், பிள்ளை ஆங்கிலம் கற்க மாட்டான். வாய் மூடி இருக்கத்தான் கற்றுக்கொள்வான்!