வயலில் ஆசிரியர் யார்?

நகரப் பணியைத் துறந்து, சிற்றூரில் நிலம் வாங்கிக் குடியேறும் குடும்பங்களை இன்று ஆங்காங்கே காண்கிறோம். திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒற்றையாக நடவேண்டும் என்பதை அவர்கள் ஏட்டில் படித்துவிடலாம். சேற்றின் பதம் அறிவதும், வேர் மடங்காமல் மேலாக நடுவதும், மடை திறந்த நீர் எந்த மூலையில் தேங்கும் என முன்னரே உணர்வதும் நடவு நடும் பெண்களின் கைகளில் அல்லவா இருக்கின்றன! அவர்களை வெறும் கூலியாள்களாக எண்ணும் குடும்பம், முதல் போகத்திலேயே கற்பதை நிறுத்திவிடுகிறது.

பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கம் இல்லை. நெற்பயிரைப் போலவே தோன்றும் குதிரைவாலிப் புல்லை எவ்வாறு இனங்காண்பது என்று கூசாமல் கேட்கின்றனர். இலை தண்டோடு சேருமிடத்தில் நெல்லுக்கு நாக்குப் போன்ற மெல்லிய சவ்வு உண்டு. அந்தப் புல்லுக்கு இல்லை. களையெடுத்துப் பழகிய மூதாட்டி இதனைக் குனிந்தபடியே காட்டிவிடுவார். பயிரியல் பாடம் நடத்துபவருக்கு ஊதியம் உண்டு. அவருக்கோ களையெடுத்ததற்கு மட்டுமே கூலி.

குடியேறுவோர் முதல் ஓராண்டு நிலம் வாங்காமல் பிறர் வயலில் உழைத்துப் பழகுவதே முறை என்பேன். அங்கே கற்பிப்பவருக்கு நாட்கூலிக்கு மேலாகக் கற்பித்தலுக்கென்றே தனி ஊதியமும் தரவேண்டும்.