பழைய காகிதத்தில் ஒரு பகல்

"ஆவணக் காப்பகம்", "ஆராய்ச்சி நூலகம்" என்று போர்டைப் பார்த்தாலே, அது பேராசிரியர்களும் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர்களும் போகிற இடம், நமக்கென்ன வேலை என்று பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம் இல்லையா, சகோதரிகளே? போன மாதம் ஒரு நாள் காலையிலேயே சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு, சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய்வந்தேன். நான் பிளஸ் டூவோடு நின்றவள். யாரும் என்னை வாசலில் நிறுத்திப் பட்டம் கேட்கவில்லை.

ரோஜா முத்தையா செட்டியார் கோட்டையூர்க்காரர். பெயர்ப் பலகை எழுதுவது அவர் தொழில். பழைய புத்தகம் வாங்க ஆரம்பித்தவர் அதோடு நிற்கவில்லை. பத்திரிகைகள், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று, நாம் எடைக்குப் போடுவதையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்து வீட்டை நிரப்பினார். (அந்த வீட்டு அம்மாள் என்ன சொல்லியிருப்பாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது!) 1992-ல் அவர் காலமானார். 1994-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தனையையும் விலைக்கு வாங்கியது. நல்லவேளையாகக் கப்பலேற்றிக் கொண்டுபோகாமல், சென்னையிலேயே வைத்து 1996-ல் வாசகர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

நான் போனது என் மாமியாருக்காக. அவருக்கு 82 வயது. அவருடைய அம்மா அந்தக் காலத்துப் பெண்கள் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதினார்களாம், அது அச்சிலும் வந்ததாம். வீட்டில் இருந்த பிரதி எப்போதோ அலமாரிக்கு விரிப்பாகப் போய்விட்டது. "ஆமாம், இவங்க அம்மா பெரிய எழுத்தாளர்" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அத்தை பதில் பேசமாட்டார். அந்த மௌனம்தான் என்னைக் கிளப்பியது.

"எந்த வருஷம் அத்தை?" என்றால், "தம்பி பொறந்த வருஷம், விகிருதி. மழைக்காலம்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. விகிருதி என்றால் 1950 சித்திரையிலிருந்து 1951 பங்குனி வரை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படியே கேளுங்கள். வருஷம் கேட்டால் தெரியாது என்பார்கள். யார் பிறந்தது, யாருக்குத் தலைதீபாவளி என்று கேட்டால் டக்கென்று வரும். காலம் தெரியாமல் போனால் கடலில் கடுகு தேடின கதைதான்.

உள்ளே, நம் ஊர் வாசகசாலை மாதிரி அலமாரியில் கைவிட்டு எடுக்க முடியாது. பையை ஓரமாக வைத்துவிட்டு, வேண்டியதைக் கம்ப்யூட்டரில் தேடிச் சொன்னால் அவர்களே எடுத்துத் தருகிறார்கள். தொட்டால் பொடிந்துபோகும் இதழ்களைக் கையில் கொடுப்பதில்லை. மைக்ரோபிலிம் என்று சுருளாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அதைத் திரையில் பெரிதாக்கிப் படிக்கலாம். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று கூச்சப்படவே வேண்டாம். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ரவிக்கைத் தையல், ஊறுகாய், குழந்தைக்கு மாந்தம், எல்லாம் இருந்தது. எழுதியவர்கள் பெயரைத் தேடினால்தான் ஏமாற்றம். ஸ்ரீமதி என்று போட்டுக் கணவர் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் வெறும் 'ஒரு சகோதரி'. சொந்தப் பெயரோடு எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டு மாத இதழ்கள் சேகரிப்பிலேயே இல்லை.

மூன்று மணிக்கு மேல் கார்த்திகை இதழில் ஒரு பக்கத்தின் கீழ் மூலையில் பத்தே வரிகள் கண்ணில் பட்டன. ஈர விறகு, புகை, கண்ணெரிச்சல் என்று சொல்லி, வீடு கட்டும்போது சமையலறைக்குப் புகைபோக்கி வைக்க ஆண்பிள்ளைகளுக்கு ஏன் தோன்றவில்லை என்று ஒரு கேள்வி. கீழே, தஞ்சை ஜில்லா, ஒரு சகோதரி. அத்தையின் அம்மா ஊரும் தஞ்சைப் பக்கம்தான். ஆனால் தஞ்சை ஜில்லாவில் புகையில் வெந்த சகோதரி ஒருத்திதானா இருந்திருப்பாள்? பென்சிலால் வரி விடாமல் எழுதிக்கொண்டேன்.

ராத்திரி சாப்பாடானதும் படித்துக் காட்டினேன். "இன்னொரு தரம் படி" என்றார் அத்தை. படித்தேன். "அந்தப் புகையிலேதான் அம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு" என்றார். பெயர் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. "இது உங்க பாட்டிதான்னு என்ன ருசு?" என்று ஆரம்பித்த என் கணவரும் அம்மா முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தக் காகிதம் இப்போது சுவாமி அலமாரியில் இருக்கிறது.

மறுநாளே எங்கள் வீட்டுப் பரணை இறக்கினேன். மாமனார் எழுதிய கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், மளிகைக் கணக்கு நோட்டு எல்லாம் அங்கேதான் வெயில் காலச் சூட்டில் வெந்துகொண்டிருந்தன. மரக்கூழில் செய்த மட்டமான காகிதம் தன்னாலேயே பழுத்து நொறுங்கும், சூடும் ஈரமும் அதை இன்னும் விரட்டும். ஆகவே பரணும் வேண்டாம், சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், துரு இறங்கிவிடும். கிழிந்த இடத்தில் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். கொஞ்ச வருஷத்தில் அந்தப் பசையே மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லாமினேஷனும் கூடாது, ஒட்டினால் பிரிக்க முடியாது. சுத்தமான வெள்ளைக் காகித உறைகளில் போட்டு, யாருடையது, எந்த வருஷம் என்று உறைமேல் பென்சிலால் எழுதினால் போதும். படத்தில் இருப்பவர்கள் யார் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

தரமணிக்குப் போக நினைப்பவர்கள், என்றைக்குத் திறந்திருக்கும், என்ன அடையாள அட்டை வேண்டும் என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியை மறக்காதீர்கள், அந்தக் காலத்து எழுத்து ரொம்பப் பொடி. இரண்டு பென்சிலைச் சீவி எடுத்துப் போங்கள். இந்த மாதிரி இடங்கள் பலவற்றில் பேனாவை உள்ளே விடுவதில்லை.