திருப்திப் படிவத்தில் இல்லாத கேள்வி

பயணியின் அனுபவம் எப்படி மாறுகிறது என்று ஆராய வரும் எங்களைப் போன்ற சுற்றுலாத் துறை மாணவர்களுக்கு ஐந்து கட்டங்களைச் சொல்லித் தருகிறார்கள்: திட்டமிடல், போகும் வழி, இடத்தில் இருத்தல், திரும்பும் வழி, நினைவுகூரல். 1966இல் கிளாசன், நெட்ச் என்ற இரு பொருளியலாளர்கள் வகுத்தவை இவை.

இந்தக் கட்டங்களை 1934இல் நடந்த ஒரு சுற்றுலாவில் பொருத்திப் பார்ப்போம். அம்பேத்கரும் தோழர்கள் சுமார் 30 பேரும் எல்லோராக் குகைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். திட்டமிடும்போதே பயணச் செய்தியை ரகசியமாக வைத்தார்கள். சாதி தெரிந்தால் வழியெல்லாம் இழிவு நேரும். இடையில் தௌலதாபாத் கோட்டை. புழுதியோடு வந்தவர்களில் சிலர் அங்கிருந்த குளத்து நீரில் முகமும் காலும் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று உள்ளூர்க்காரர்கள் வசைபாடித் திரண்டார்கள். உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. கண்காணிக்க ஆயுதம் ஏந்திய காவலர் ஒருவர் கூடவே வந்தார். ஐந்தாம் கட்டமான நினைவுகூரலைத்தான் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற அவருடைய தன்வரலாற்றுக் குறிப்பில் நாம் படிக்கிறோம்.

இந்தப் பயணம் இன்றைய திருப்திப் படிவத்தில் எப்படிப் பதிவாகும்? ‘குடிநீர் வசதி: மோசம்.’ அவ்வளவுதான்.

இன்று வடிவம் மாறியிருக்கிறது. தங்கும் வீட்டுக்காரர் ஊரைக் கேட்பார், தெருவைக் கேட்பார், கடைசியில் “நீங்க என்ன ஆளுங்க?” என்பார். அந்தக் கேள்வி வருமோ என்று பெட்டி கட்டும்போதே பதறுகிறவருக்கும், அப்படியொரு கேள்வி இருப்பதையே அறியாதவருக்கும் பயணம் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. இருவரின் மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சாதி காணாமல் போய்விடும்.

சாதியைக் கேட்டால் பயணிகள் சங்கடப்படுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். பெயர் கேட்காமல், விரும்பினால் மட்டும், தனியே எழுதித் தரச் சொல்லலாமே. கேட்காமல் விடுவதால் காப்பாற்றப்படுவது பாகுபாடு காட்டுகிறவரின் நிம்மதிதான்.

இத்துறையில் படிக்கும் தோழர்களே, உங்கள் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள். பயணத்தில் எதை மறைத்தீர்கள்? உங்களிடம் யார் என்ன விசாரித்தார்கள்? எந்த இடத்தைத் தவிர்த்தீர்கள், ஏன்? பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் இவற்றைக் கேளுங்கள்.

இன்னொன்று. கோட்டை வாசலில் நின்று கேட்டால் வந்தவர்களின் கதை மட்டுமே கிடைக்கும். திட்டமிடும்போதே பயணத்தைக் கைவிட்டவர்களின் வீட்டுக்கும் அந்தப் படிவம் போக வேண்டும்.