பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது சைலன்ஸர்: சத்தம் கூடினால் வேகமும் கூடுமா?

இரண்டே சீட், கையால் மடித்துவிடக்கூடிய கூரை, ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் மாஸ்டா நிறுவனம் அறிமுகம் செய்த எம்எக்ஸ்-5 காருக்கு அமெரிக்காவில் ‘மியாட்டா’ என்று பெயர். உலகில் அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனை இந்தக் காருக்குத்தான். 2016-ல் பத்து லட்சமாவது கார் தயாரானது.

1997 வரை வந்த முதல் தலைமுறை மியாட்டாவை இன்றைக்குத் தேடி வாங்குகிறவர்களில் பலர், அது வெளிவந்தபோது பிறந்தே இருக்காதவர்கள். முதல் சம்பளச் சேமிப்பில் கையில் வரும் கார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே பலருக்கும் ஒரே ஆசை வருகிறது: “எக்ஸாஸ்ட்டை மாத்தணும். சத்தம் கெத்தா இருக்கணும், பிக்கப்பும் ஏறணும்.”

ஆசையில் தப்பில்லை. செலவு செய்யும் வரிசையில்தான் தப்பு நடக்கிறது. முதலில் விலை அதிகமான ஹெடர், அடுத்து இருப்பதிலேயே சத்தமான சைலன்ஸர், கடைசியில் “இதுதான் மூச்சை அடைக்குது” என்று கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே கழற்றிப் போடுவது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். சைலன்ஸர் முதலில், ஹெடர் கடைசியில், நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டரில் கைவைக்கவே கூடாது.

ஹெடர் என்ன வேலை செய்கிறது?

எஞ்சினிலிருந்து வரும் சூடான புகை முதலில் மேனிஃபோல்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து கன்வெர்ட்டர், நடுக்குழாய், கடைசியாக சைலன்ஸர். நிறைய கார்களில் அந்த மேனிஃபோல்டு வார்ப்பிரும்பில் செய்த குட்டையான ஒரு கட்டி. நான்கு சிலிண்டரின் புகையும் ஒரே இடத்தில் முட்டி மோதித்தான் வெளியே போகும். ஹெடர் என்பது அதற்கு மாற்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக நீளமான குழாய் கொடுத்து, கொஞ்ச தூரம் போன பிறகு அவற்றை ஒன்று சேர்க்கும்.

இதனால் என்ன லாபம்? ஒரு சிலிண்டரின் வால்வு திறந்ததும் புகை ஓர் அழுத்த அலையாகப் பாய்கிறது. குழாய்கள் சேரும் இடத்தை அது தொட்டதும், குறைந்த அழுத்த அலை ஒன்று திரும்பி எஞ்சினை நோக்கி வருகிறது. உள்ளே வரும் வால்வும் வெளியேற்றும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சின்ன நொடியில் இந்த அலை வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்துவிடும். அந்த இடத்தில் புதுக் காற்று நிறையும்.

எந்த ஆர்பிஎம்மில் இது சரியாக நடக்கும் என்பதைக் குழாயின் நீளமும் அகலமும்தான் தீர்மானிக்கின்றன. பொதுவாக நீளமான குழாய் நடுத்தர வேகத்தில் இழுவை தரும். குட்டையான குழாய் உச்ச ஆர்பிஎம்மில் கைகொடுக்கும். நான்கு குழாயும் நேராக ஒன்றில் சேரும் 4-1 வடிவம் ரேஸ் டிராக்குக்குப் பொருந்தும். முதலில் ஒன்றும் நான்கும், இரண்டும் மூன்றும் எனச் சேர்ந்து, பிறகு ஒன்றாகும் 4-2-1 வடிவம் தினசரி ஓட்டத்துக்குப் பொருந்தும்.

“எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்” என்று சொல்வதும் இங்கேதான் குழப்பமாகிறது. எந்த எஞ்சினுக்கும் எதிரழுத்தம் தேவையில்லை. தேவைப்படுவது புகையின் வேகம். அளவுக்கு மீறி அகலமான குழாய் போட்டால் அந்த வேகம் குறையும், சிக்னலிலிருந்து கிளம்பும்போது இழுவை போய்விடும். டர்போ இல்லாத 1.6 லிட்டர் எஞ்சினுக்கு இரண்டேகால் அங்குலக் குழாய் தாராளம். மூன்று அங்குலக் குழாய் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

ஏற்கெனவே இருப்பதுதான்!

ஆரம்ப கால 1.6 லிட்டர் மியாட்டாவில் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே கிடையாது. துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை வளைத்துச் செய்த ஹெடர் ஒன்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித்தான் அனுப்பினார்கள். மேலே வெப்பத் தகடு மூடியிருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. அதைக் கழற்றிவிட்டு இன்னொரு ஹெடர் மாட்டினால் கிடைக்கும் லாபம், வார்ப்பிரும்பைக் கழற்றி மாட்டிய காரில் கிடைப்பது போல இருக்காது. அமெரிக்க மாடலின் 116 குதிரைத்திறனில், சாலையில் ஓட்டும் காருக்கு ஒற்றை இலக்கத்தில் ஏறினாலே பெரிய விஷயம். வெயில் நாளுக்கும் குளிர் நாளுக்கும் நடுவில் எஞ்சின் சக்தியில் வரும் வித்தியாசமே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும்.

வயதான கார் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. முப்பது வருடம் சூடேறி ஆறிய நட்டுகள் லேசில் கழலாது. கொஞ்சம் வேகமாகத் திருகினால் ஸ்டட் உடைந்து எஞ்சின் தலைப்பகுதிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை எடுக்கும் கூலி சில நேரம் ஹெடர் விலையையே நெருங்கிவிடும். மலிவு ஹெடரின் விளிம்பு சமமாக இல்லையென்றால் கேஸ்கட் வழியே கசிவு வரும். அந்தக் கசிவில் வெளிக்காற்று உள்ளே போகும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து “பெட்ரோல் போதவில்லை” என்று தப்பாகக் கணக்குப் போடும். எஞ்சின் கூடுதல் பெட்ரோலைக் குடிக்கும், மைலேஜ் சரியும். வேகத்துக்காகப் போட்ட பணம் எதிர்த் திசையில் வேலை செய்யும்.

அப்படியும் ஹெடர் வேண்டும் என்பவர்கள் வாங்கும் முன் தங்கள் காரின் வருடத்தைப் பார்ப்பது நல்லது. 1994 முதல் வந்த 1.8 லிட்டர் எஞ்சினில் புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் இஜிஆர் குழாய் உண்டு. ஹெடரில் அதற்கான இணைப்பு இருக்க வேண்டும். 1996 முதல் அமெரிக்காவில் ஓபிடி-2 விதி வந்ததால் சென்சார் இணைப்புகளும் மாறின. ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் ஹெடரைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சைலன்ஸரில் காசு போடலாம், ஏன்?

சைலன்ஸர் மாற்றுவது சுலபம். எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. சில போல்ட், சில ரப்பர் தொங்கிகள், வேலை முடிந்தது. ஒரிஜினல் கனமானது என்பதால் எடையும் சில கிலோ குறையும். பிடிக்கவில்லை என்றால் பழையதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

சைலன்ஸரில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் உள்ளே அறைகளும் தடுப்புகளும் இருக்கும். ஒலி அலைகள் ஒன்றோடொன்று மோதி அடங்கும். இன்னொன்றில் ஓட்டை போட்ட நேர்குழாயைச் சுற்றி நார்ப் பஞ்சு திணித்திருப்பார்கள். புகை தடையில்லாமல் போகும், ஒலியைப் பஞ்சு உறிஞ்சும். இரண்டாவது வகைதான் ‘ஸ்போர்ட்ஸ்’ சத்தம் தருவது. ஆனால் பஞ்சு காலப்போக்கில் எரிந்து கரையும். வாங்கிய அன்று இனிமையாக இருந்தது, சில வருடத்தில் காது கிழிய ஆரம்பிக்கும்.

கடையில் வண்டியை நிறுத்திவைத்து ‘விர்ர்ர்’ என்று முறுக்கிக் காட்டுவதைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. நெடுஞ்சாலையில்தான் நிஜமான பரீட்சை. ஐந்தாவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் காரின் எஞ்சின் சுமார் 3,200 ஆர்பிஎம்மில் சுழலும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. அதாவது விநாடிக்கு நூற்றுச் சொச்சம் துடிப்பு. அந்த அடித்தொனி காருக்குள் எதிரொலித்தால், மண்டைக்குள் வண்டு குடைவது போல ஓயாமல் ‘ம்ம்ம்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு ‘ட்ரோன்’ என்று பெயர். பத்து நிமிடம் தாங்கலாம், இரண்டு மணி நேரம் முடியாது. நடுக்குழாயில் ஒரு ரெசனேட்டர் சேர்த்தால் இதில் பெரும்பகுதி அடங்கும். கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் காரை ஓட்டுகிற ஆசையையே அது காப்பாற்றுகிறது.

கன்வெர்ட்டரில் ஏன் கைவைக்கக் கூடாது?

கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்களின் உதவியோடு குறைப்பதுதான் கன்வெர்ட்டரின் வேலை. அதைக் கழற்றினால் அந்த நச்சு நேராகத் தெருவுக்குத்தான் வரும். கூரை திறந்த காரில் அதை முதலில் சுவாசிப்பவர்களில் ஓட்டுநரும் ஒருவர். பழைய கன்வெர்ட்டர் அடைத்துப்போயிருந்தால் புதிது மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். அடைப்பு நீங்கியதும் காரின் இழுவை திரும்பி வருவதைப் பார்த்து அசந்துபோகிறவர்கள் உண்டு.

சட்டமும் இதில் கறார். அமெரிக்க மத்திய சட்டப்படி சாலையில் ஓடும் காரின் கன்வெர்ட்டரைக் கழற்றுவது குற்றம். கலிஃபோர்னியாவில் 1976 மாடல் முதல் வந்த பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை. அங்கே கன்வெர்ட்டருக்கு முன்னால் மாட்டும் ஹெடருக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். எண் இல்லாத ஹெடர் என்றால் புகை சுத்தமாக இருந்தாலும் சோதனையில் தேறாது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் மாற்றும் சைலன்ஸருக்கு அந்த எண் தேவையில்லை. ஆனால் 95 டெசிபல் என்ற ஒலி வரம்பு உண்டு. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பதை நினைத்துப் பார்த்தால், வரம்பைத் தாண்டும் கார் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்தை என்ன செய்யும் என்பது புரியும்.

மியாட்டா இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படவில்லை. ஆனால் பைக்குக்கு சைலன்ஸர் மாற்றும் நம்ம ஊர் இளைஞர்களுக்கும் இதே கணக்குதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், ஒலி மற்றும் புகை விதியை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

பழைய காரில் முதல் செலவு கசிவுகளை அடைப்பதற்கு. கேஸ்கட், தொங்கிகள், வயதான ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றைப் புதுப்பித்தாலே பாதி ‘பிக்கப்’ திரும்பிவிடும். அடுத்து, ஒரு நண்பரின் காரில் மாட்டிய சைலன்ஸரை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அதன் பிறகு வாங்குவது. பழைய பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாமல் பத்திரமாக வைத்திருப்பது. எஞ்சினை எப்படியும் பிரித்து வேலை பார்க்கும் நாள் வந்தால், அப்போது ஹெடரைப் பற்றி யோசிக்கலாம்.

116 குதிரைத்திறன் காரை யாரும் வேகத்துக்காக வாங்குவதில்லை. வளைவுகளில் ஓட்டும் சுகத்துக்காக வாங்குகிறார்கள். அந்தச் சுகம் கெடாமல் ஒரு மணி நேரம் கேட்கக்கூடிய சத்தம் எதுவோ, அதுதான் அந்தக் காருக்கு நல்ல சத்தம். தெருமுனையில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பது சில நொடி. கணக்கில் வர வேண்டியது, காருக்குள் உட்கார்ந்திருக்கும் மீதி நேரம்.