சேலம் டு சென்னை ஃப்ளைட்: நிஜமா எவ்வளவு நேரம் மிச்சம்?

சேலத்துல இருந்து சென்னைக்கு விமானத்துல எவ்வளவு தூரம்னு போன்ல தேடிப் பார்த்திருக்கீங்களா? நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். மணிக்கு 500 கி.மீ வேகத்தில் பறக்கிற ஏடிஆர் விமானத்துக்கு இது அரை மணி நேரக் கணக்குதான். ஆனால், ஓடுபாதையில் ஊர்வது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரம் ஆகிடும்.

இப்போ வீட்டு வாசலில் இருந்து கணக்கு போடுவோம். சேலம் டவுனில் இருந்து ஓமலூர் பக்கம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு 40 நிமிஷம். கவுன்ட்டர் ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடும் என்பதால் ஒண்ணேகால் மணி நேரம் முன்பே போகணும். பறக்க ஒரு மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வர 25 நிமிஷம், மெட்ரோவில் சென்ட்ரல் போக முக்கால் மணி நேரம். மொத்தம் நாலு மணி நேரம்!

வந்தே பாரத் ரயில் சேலத்தில் இருந்து சென்ட்ரலுக்குப் போக நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். ஜங்ஷன் போற நேரத்தையும் சேர்த்தால் நாலரை. ஆக, மிச்சம் அரை மணி நேரம். நீங்க நாமக்கல்காரர்னா காமலாபுரம் போகவே கூடுதலா ஒரு மணி நேரம் வேணும். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், விடியறதுக்குள்ள சென்னை.

பெங்களூரு கதை இன்னும் வேடிக்கை. உங்க ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டியில் என்றால், பஸ்ஸில் போனால் ஓசூர் தாண்டியதும் வந்துடும். ஃப்ளைட்டோ அதைத் தாண்டிப் போய் தேவனஹள்ளியில் இறக்கும். அப்புறம் ஊரைக் கடந்து சுமார் 50 கி.மீ திரும்பி வரணும்.

அப்போ விமானமே வேண்டாமா? அப்படி இல்லை. ஹைதராபாத் 600 கி.மீ. ரயிலில் ஒரு முழு ராத்திரி போயிடும். ஃப்ளைட்டில் ரெண்டு மணி நேரத்துக்குள்ள இறங்கிடலாம். தூரம் கூடக் கூடத்தான் விமானத்துக்கு அர்த்தம் வருது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? 1993-ல் திறந்த இந்த நிலையத்தில் கிங்ஃபிஷர் வந்து நின்னுபோச்சு. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்னுபோச்சு. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ மூலம் மறுபடி உயிர் வந்தது. உடானில் அரசு தரும் நஷ்ட ஈட்டு உதவி மூணு வருஷம்தான். அதன்பிறகு பயணிகள்தான் விமானத்தைக் காப்பாத்தணும்.

இன்னொரு பக்கம், சுமார் 6,000 அடி ஓடுபாதையை நீட்டிக்க நிலம் எடுக்கும் திட்டத்தை, 2018-லேயே சுற்றுவட்டார விவசாயிகள் எதிர்த்துப் போராடினாங்க. பெரிய ஜெட் வந்தாலும் சென்னைப் பயணத்தில் பத்து நிமிஷம் குறையலாம், அவ்வளவுதான். டெல்லி, மும்பைக்கு நேரடி விமானம் வரும்னா கதை வேற.

அதனால, விரிவாக்கம் பற்றி யார் பேசினாலும் 'எவ்வளவு பெரிய விமானம்?'னு கேட்காதீங்க. 'எந்த ஊருக்கு?'னு கேளுங்க. ஒருத்தரோட காட்டைக் கேட்கிறதுக்கு முன்னாடி, அந்தப் பதில் நம்ம கையில இருக்கணும்.