மூன்று ஓட்டைகளும் ஒரு பாடமும்

பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில் மேல், நடு, கீழ் என்று மூன்று ஓட்டைகள் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், எந்த ஓட்டையின் நீர் அதிக தூரம் போய் விழும்? ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்று படித்த மாணவர் யோசிக்காமல் கீழ் ஓட்டையைக் காட்டுவார். உலகெங்கும் பல பாடநூல்களில் உள்ள படமும் அப்படித்தான் இருக்கிறது.

பாட்டிலை மேசையில் வைத்து, நீரும் அதே மேசையில் விழும்படி செய்து பார்த்தால் விடை மாறுகிறது. 24 செ.மீ. உயரத்துக்கு நீர், மட்டத்திலிருந்து 6, 12, 18 செ.மீ. ஆழத்தில் ஓட்டைகள். மட்டம் இறங்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், கணக்குப்படி நடு ஓட்டையின் நீர் 24 செ.மீ. தள்ளி விழும். மேல் ஓட்டை நீரும் கீழ் ஓட்டை நீரும் சுமார் 21 செ.மீ. தூரத்தில் ஒரே இடத்தில் விழும். கீழ் ஓட்டை நீருக்கு வேகம் உண்டு, ஆனால் மேசையைத் தொடுமுன் முன்னேற நேரம் கிடைப்பதில்லை. மேல் ஓட்டை நீருக்கு நேரம் உண்டு, வேகம் போதாது. பாட்டிலை உயரமான ஸ்டூலில் வைத்து நீரைத் தரையில் விழவிட்டால், பாடநூல் படம் சரியாகிவிடும்!

வேகத்தைத் தருவது நீரழுத்தம், நேரத்தைத் தீர்மானிப்பது புவியீர்ப்பு. அந்த அழுத்தமே நீரின் எடையால் வருவதுதான். ஓட்டை வழியே பாயும் நீரின் வேகமும் மட்டத்திலிருந்து அந்த ஆழத்துக்குத் தடையின்றி விழும் பொருளின் வேகமும் ஒன்றே என்று 1640களிலேயே இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி கண்டு சொல்லிவிட்டார்.

நம் வகுப்பறையில் நீரழுத்தமும் புவியீர்ப்பும் பிரிந்து கிடக்கின்றன. தமிழகத்தின் பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலில் ஈர்ப்பியல் முதல் தொகுதியின் கடைசி அலகு. பாய்மங்கள் இடம்பெறும் ‘பருப்பொருளின் பண்புகள்’ இரண்டாம் தொகுதியின் முதல் அலகு. அடுத்தடுத்த அலகுகள்தான். ஆனால் தொகுதி மாறும்போது தொடர்பு அறுந்துபோகிறது, இரண்டு சூத்திரப் பட்டியல்கள் மட்டும் மிஞ்சுகின்றன. மேட்டூர் அணையின் 120 அடி நீர்மட்டத்தை நாளிதழில் பார்க்கும் மாணவருக்கு, 120 அடி ஆழத்தில் நீர் மட்டும் தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் மூன்றரை மடங்கு என்று கணக்கிடத் தெரிய வேண்டும். அணைச் சுவர் அடியில் ஏன் அவ்வளவு தடிமன் என்பது அப்போது தானே விளங்கும்.

செய்முறைப் பட்டியலில் குறையில்லை. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காண்பதும், ஸ்டோக்ஸ் முறையில் பாகுநிலை காண்பதும் பதினோராம் வகுப்பில் உண்டு. ஆமணக்கு எண்ணெயில் இறங்கும் சிறு உலோகக் குண்டு சீரான வேகத்தை எட்டும்போது எடை, மிதப்பு விசை, பாகியல் விசை மூன்றும் சமன்படுவதைக் கண்ணால் பார்க்கலாம். பாடம் நடக்கும் வாரத்தில் செய்ய வேண்டியதை, செய்முறைத் தேர்வு நெருங்கும்போது ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்வதுதான் கோளாறு.

நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மை; பாடப்பகுதியை முடிக்க அவர்கள் படும் அவசரம் பெரிது. ஆனால் பாட்டில் சோதனைக்கு ஒரு பாடவேளை போதும், ஆய்வகமும் வேண்டாம். ஆனால் பாட இறுதியில் உள்ள ‘புக் பேக்’ கேள்விகள் தேர்வில் அப்படியே வரும்வரை அந்த ஒரு பாடவேளையும் மனப்பாடத்துக்கே போகும். ஆகவே மாற்றம் வினாத்தாளில் தொடங்க வேண்டும். இரண்டு அலகுகளையும் இணைத்து, என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று கேட்கும் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றைப் பள்ளிக் கல்வித் துறை கட்டாயமாக்கட்டும். அதற்கான மாதிரி வினாக்கள் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஆசிரியர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.