புல்லுருவியா, பூச்செடியா?

தருமபுரி மாவட்டத்தின் புளிய மரங்களிலும் மாந்தோப்புகளிலும் கிளைகளைப் பற்றி வளரும் செடிகளை வாசக நேயர்கள் கண்டிருக்கலாம். அவை அனைத்தையும் புல்லுருவி என்றே கருதி அரிவாளுக்கு இரையாக்குவோர் பலர். ஆயினும் அவற்றுள் ஒன்று கள்வன். மற்றொன்று குற்றமற்ற விருந்தினர்.

புல்லுருவி மெய்யாகவே ஒட்டுண்ணி. அதன் கனியை உண்ணும் சிறு குருவிகள், பசையுள்ள விதையைக் கிளையில் ஒட்டிச் செல்கின்றன. முளைத்ததும் அது உறிஞ்சுவேரைக் கிளைக்குள் செலுத்தி, மரத்தின் நீரையும் தாது உப்புகளையும் கவர்கிறது. கிளை நலிகிறது, காய்ப்பும் குன்றுகிறது. கனி பழுக்குமுன், ஒட்டிய இடத்திற்குக் கீழே கிளையோடு வெட்டுதலே தீர்வு.

வாண்டா எனும் ஆர்க்கிட் அத்தகையதன்று. அது தொற்றுத் தாவரம். அதன் தடித்த வெளிறிய வேர்கள் பட்டையின் மேலேயே படரும், உள்ளே நுழைவதில்லை. வேரைப் போர்த்திய பஞ்சு போன்ற உறை மழைநீரை ஈர்த்துக்கொள்ளும். உணவைத் தன் இலைகளிலேயே ஆக்கிக்கொள்ளும். மரத்திடம் அது வேண்டுவது இருக்க ஓர் இடம் மட்டுமே.

பூவில்லாக் காலத்தில் இலையைக் காணுங்கள். புல்லுருவியின் இலை அகன்றது. நடுநரம்பிலிருந்து கிளை நரம்புகள் பிரியும். வாண்டாவின் இலை வார் போல் நீண்டு, நடுவே மடிந்து, இரு வரிசையாய் அடுக்கப்பட்டிருக்கும். நுனி கடித்தெடுத்தாற்போல் தோன்றும்.

கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாண்டாவை ஒத்த அகாம்பி என்ற ஆர்க்கிட்டும் உண்டு. அதன் இலை இன்னும் தடித்தது, விறைப்பானது. நுனி ஏற்றத்தாழ்வான இரு பிளவாக முடியும். ஐயத்தை முற்றும் தீர்ப்பது மலரே. வாண்டாவின் மலர் பெரியது. பழுப்புக் கட்டங்களும் ஊதா நிற உதடும் நறுமணமும் கொண்டது. அகாம்பியின் சிறு மஞ்சள் மலர்களோ செம்பழுப்பு வரிகளுடன் நெருங்கிக் கொத்தாய் மலரும்.

ஆர்க்கிட்டின் விதை தூசியினும் நுண்ணியது. தனக்கெனச் சேமித்த உணவு அதனிடம் இல்லை. ஒருவகைப் பூஞ்சையின் துணை கிட்டினாலன்றி இயற்கையில் அது முளைக்காது. முளைத்தாலும் பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு நொடியில் வெட்டியதை மீட்பது எளிதன்று.

செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளியுமாறும், அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதிருக்குமாறும் சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கிறது. வாயற்ற படைப்பின் மீது அரிவாள் ஓங்குமுன்னும் அந்த நிதானத்தைப் பேணுவோமாக.